அரை கிலோ

தோஹாவில் பிப்ரவரி.
ஆறு மட்டைகள் பிளாஸ்டிக் உறையில் வந்தன.
ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு சீட்டு:
ரலிட்சா, 24 கிலோ, காலை பத்துக்குள்.

நான் நரம்பு கட்டுகிறவள்.
ஆட்டம் பார்ப்பதில்லை.
அரங்கத்துக்கு அடியில்
சலவை அறைக்கும் பந்துக் கிடங்குக்கும் நடுவே எங்கள் அறை.
எட்டு இயந்திரங்கள், சன்னல் கிடையாது.
மேலே பெரிதாகக் கைதட்டினால்
கூரைக் குழாயிலிருந்து தூசி உதிரும்.
யாரோ வென்றுவிட்டார்கள்.

பக்கத்து இயந்திரத்தில் இஷிமோதோ.
கட்டி முடித்ததை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டி
காதருகே வைத்துக் கேட்பார்.
திருப்தி என்றால் மூக்கைச் சொறிவார்.
அவ்வளவுதான் அவர் பேச்சு.

இண்டியன் வெல்ஸ் பாலைவனம்.
பகலில் கொதிக்கும், ராத்திரி ஸ்வெட்டர் வேண்டும்.
நாளுக்கு இருமுறை எல்லோரும் மனம் மாறுவார்கள்.
ரலிட்சாவின் சீட்டில் இருபத்து மூன்றரை.
அரை கிலோ.
ஒரு கொத்து திராட்சையின் எடை.
யார் கவனிக்கப் போகிறார்கள்?

மாட்ரித் மேட்டு நிலம்.
காற்று மெலிது, பந்து சொன்ன பேச்சு கேட்காது.
அங்கே எல்லோரும் இறுக்கச் சொல்வார்கள்,
ஒரு கிலோ, ஒன்றரை கூட.
அவள் இன்னும் அரை குறைத்திருந்தாள்.
இஷிமோதோ சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
போன் செய்தேன்.
"சரியாத்தான் எழுதியிருக்கேன், வெஸ்னா."

ரோமில் துளை துளையாகச் செம்மண்.
ஊசியால் சுரண்டி எடுத்தேன்.
கைப்பிடி நாடாவில் களிம்பு வாசனை,
கற்பூரமும் மிளகாயும் சேர்ந்தாற்போல.
இருபத்திரண்டு.

சின்சினாட்டியில்
சுவர் டிவியில் ஒரு வர்ணனையாளர் சொன்னார்:
இந்த வருஷம் ரலிட்சா மென்மையாக ஆடுகிறாள்,
இது முதிர்ச்சி, இது புதிய உத்தி.
எனக்குத் தெரிந்தது ஓர் எண் மட்டும்.
எண்ணை வெளியே சொல்லக் கூடாது எங்கள் தொழிலில்.
நரம்பு எங்கே தளர்கிறதென்று
நரம்புக்குத் தெரியும்.

அன்று நள்ளிரவு அவளே இறங்கி வந்தாள்.
ஆட்டக்காரிகள் இங்கே வருவதில்லை.
வெறுங்கால்.
வலது தோளில் பனிக்கட்டி,
அதன்மேல் பிளாஸ்டிக் தாள் சுற்றிச் சுற்றி,
முழங்கையிலிருந்து தண்ணீர் சொட்டிற்று.
"இருபத்தொன்று," என்றாள்,
கடன் கேட்பவள் குரலில்.
இஷிமோதோ எழுந்து
தரையில் கிடந்த மின்கம்பியைக்
காலால் ஓரமாகத் தள்ளினார்.
நாங்கள் செய்த உதவி அது ஒன்றுதான்.

வூஹானில் அக்டோபர்.
இருபது.
இவ்வளவு குறைவாக நான் யாருக்கும் கட்டியதில்லை.
தட்டினால் மணி ஒலி இல்லை,
ஈரத் துணியை உதறும் சத்தம்.
இஷிமோதோ மூக்கைத் தொடவில்லை.

மறுநாள் ஐம்பத்தெட்டு நிமிஷம்.
கூரையிலிருந்து தூசி விழக் காணோம்.
மூன்று மட்டைகளை எடுத்துப் போயிருந்தாள்,
மூன்றை வாங்கவே ஆள் வரவில்லை.
இறுதியாட்டம் முடிந்தது, இயந்திரங்களைப் பெட்டியில் போட்டோம்,
அவை அலமாரியில் நின்றன,
தாய் வந்து கூப்பிட மறந்த பள்ளிப் பிள்ளைகளாக.

பிறகு செய்தி வந்தது:
அந்த மூணையும் வெட்டிடு. இழுத்த இழுப்பில் விட்டா
சட்டம் கோணிக்கும்.

ஆட்டத்தை விட்டவளுக்குச்
சட்டம் கோணினால் என்ன,
நிமிர்ந்து நின்றால் என்ன?
அப்படியென்றால்...
நான் மேலே யோசிக்கவில்லை.
கத்தரியை எடுத்தேன்.
நடுவிலிருந்து தொடங்கி வெளியே போக வேண்டும்.
ஓரத்தில் ஆரம்பித்தால்
ஒரு பக்கமாய் இழுத்துச் சட்டமே ஒடியும்.
இது எவருக்கும் தெரியும், இருந்தாலும் கை நடுங்கிற்று.

வெற்று வளையத்தின் வழியே பார்த்தேன்.
இஷிமோதோ தன் இயந்திரத்துக்குப்
போர்வை போர்த்திக்கொண்டிருந்தார்.

புதுச் சீட்டுகளில் அவள் பெயரை எழுதி
மூன்றின் கழுத்திலும் கட்டினேன்.
கிலோ என்ற இடத்தை
நிரப்பவில்லை.

வெளியே யாரோ பெட்டிக்கு ஆணி அடித்தார்கள்.
தோஹாவுக்கு ஏறக்குறைய நான்கு மாதம்.